'இது டெஸ்டிங் வேலைதானே?' என்று அப்பா கேட்டால்

வாசகர் கேள்வி:

அக்கா, எனக்கு 27 வயது. மொறட்டுவையில் இலத்திரனியல், தொலைத்தொடர்புப் பொறியியல் படித்தேன். நாலு வருஷமாகக் கொழும்பு மூன்றில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. சம்பளம் நல்லது, ஆனால் வங்கிக்காரருக்கு ஒரே திரையை மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்து அலுத்துவிட்டது. இரத்மலானைப் பக்கம் ஒரு சின்ன நிறுவனம் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளுக்கு மின்னியல் அளவீட்டுக் கருவிகள் வடிவமைத்துக் கொடுக்கிறது. என்னைக் கூப்பிடுகிறார்கள், ஆனால் இப்போதைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். அப்பா "டெஸ்டிங் வேலைக்குப் போகவா இவ்வளவு படிச்சனீ?" என்கிறார். அடுத்த வருஷம் தங்கச்சிக்குக் கல்யாணம். அனலொக் சேர்க்கிட் பாடமெல்லாம் மறந்துபோச்சு. இந்தத் துறைக்கு எதிர்காலம் இருக்கா? பிறகு வெளிநாடு போக வழி இருக்குமா? மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.
வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் ஐந்தாறு கேள்விகள் இருக்கின்றன, நான் அப்பாவின் கேள்வியிலிருந்துதான் தொடங்கப்போகிறேன். அவர் கோபத்தில் கேட்டிருந்தாலும் கேட்டது நியாயம். அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல்தான் நீங்கள் எனக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று படுகிறது.

டெஸ்டிங் என்றால் அப்பாவுக்கு, ஏன் உங்கள் ஒஃபிசில் இருக்கிற முக்கால்வாசிப் பேருக்கும், யாரோ எழுதிய மென்பொருளை அமத்தி அமத்திப் பார்த்துப் பிழை பிடிக்கிற வேலை. (அதுவும் குறைந்த வேலை இல்லை, அது வேறு கதை.) வெள்ளவத்தைச் சந்தையில் மீன் நிறுக்கிற தராசை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். அந்தத் தராசைச் சரிபார்த்து முத்திரை குத்த அரசாங்கத்தில் ஒரு திணைக்களம் இருக்கிறது, அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் என்று நீளமான பெயர், ஹோமாகமவில் இருக்கிறது, 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதற்கு. மீன்காரர் ஒரு கிலோ என்றால் அது ஒரு கிலோதான் என்று அம்மா நம்பிக் காசு கொடுப்பது அந்த முத்திரையை நம்பித்தான். உங்களைக் கூப்பிடுகிறவர்கள் அந்தத் தராசைச் செய்கிறவர்கள், மின்சாரத்துக்கான தராசு. ஒரு தொழிற்சாலை தன் சாமான் சரியா பிழையா என்று தீர்மானிப்பது நீங்கள் வடிவமைக்கப்போகிற பெட்டியின் முகத்தைப் பார்த்து. இதை இப்படிச் சொன்னால் அப்பாவுக்கு விளங்கும். என் அப்பாவுக்கு விளங்கியது, சம்பளத்தைச் சொன்ன பிறகு திரும்பவும் விளங்காமல் போனது.

நான் இந்த வேலைக்கு வந்து 24 வருஷம். பதினொரு வருஷம் சிங்கப்பூரில், மிச்சம் கொழும்பில். பெரிய ஆள் என்று காட்டச் சொல்லவில்லை, கீழே எழுதுவது எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான்.

இந்த வேலை என்ன என்பதைப் பற்றி உங்களுக்கே ஒரு மயக்கம் இருக்கிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் "அனலொக் மறந்துபோச்சு" என்று கவலைப்படுகிறீர்கள். சேர்க்கிட் கீறுவதுதான் இந்த வேலையின் கஷ்டம் என்றால் அந்தக் கவலை சரி. இன்றைக்கு மின்னழுத்தத்தை இலக்கமாக மாற்றுகிற 24 பிட் ஏடிசி சிப் ஒன்றைச் சில டொலருக்கு வாங்கலாம். 24 பிட் என்றால் ஒரு கோடியே 67 இலட்சம் படிகள், 5 வோல்ற் வீச்சில் ஒரு படி ஏறத்தாழ 0.3 மைக்ரோவோல்ற். சிப் செய்தவர்கள் தருகிற விபரத்தாளில், அதாவது டேட்டாஷீட்டில், இருக்கிற சேர்க்கிட்டை அப்படியே போட்டால் திரையில் ஏழெட்டு இலக்கங்கள் வந்து நிற்கும், மொறட்டுவை இரண்டாம் வருஷப் பிள்ளையும் செய்யும். அந்த இலக்கங்களில் எத்தனை உண்மை, எத்தனை பேய்க்காட்டல் என்பதுதான் கேள்வி. வாங்குகிறவர் காசு கொடுப்பது "இந்த வாசிப்பு இவ்வளவுக்கு மேல் பிழைக்காது, ஒரு வருஷத்துக்கு, வெப்பநிலை 18 பாகையிலிருந்து 28 பாகை வரை" என்று நீங்கள் எழுதிக் கையொப்பம் வைக்கிற ஒரு வரிக்கு. அந்த வரியை எழுதுகிற துணிவு வருவதற்கு எனக்கு ஏழு வருஷம் எடுத்தது.

ஒரு கதை சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த புதிதில், பெயர் வேண்டாம், இங்கே ஒரு நிறுவனத்தில் மில்லிஓம் மீற்றர் ஒன்று செய்தோம். ஸ்விட்ச், ரிலே, வயர் பொருத்திய முனை என்று மிகச் சின்ன மின்தடைகளை அளக்கிற கருவி. 100 மில்லிஅம்பியர் அனுப்பி, நாலு வயர் முறையில், அதாவது இரண்டு வயரில் மின்னோட்டம் அனுப்பி வேறு இரண்டு வயரால், விழுகிற மின்னழுத்தத்தை வாசிப்பது. ஒரு மில்லிஓம் என்றால் 100 மைக்ரோவோல்ற். காலையில் அருமையாக வேலை செய்யும். பத்து மணிக்குப் பிறகு வாசிப்பு அசையத் தொடங்கும், மூன்று வீதம் நாலு வீதம் மேலே போகும், கீழே வரும், பின்னேரம் ஐந்து மணிக்குத் திரும்பவும் சரியாகிவிடும். இரண்டு கிழமை நான் நித்திரை கொள்ளவில்லை. ஏடிசியை மாற்றினேன், ஒப்பிடுவதற்கு நிலையான அழுத்தம் தருகிற ரெபரன்ஸை மாற்றினேன், மென்பொருள் தம்பியோடு தேவையில்லாமல் சண்டை பிடித்தேன், பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன். கடைசியில் தேத்தண்ணி கொண்டுவருகிற அண்ணாதான் சொன்னார், "மிஸ், அந்த மேசைக்கு மேலேதானே ஏசி அடிக்குது, எனக்கே குளிருது." பத்து மணிக்கு ஏசி போடுவார்கள், ஐந்து மணிக்கு நிறுத்துவார்கள்.

நடந்தது இவ்வளவுதான். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் சேருகிற இடத்தில் வெப்பநிலை மாறினால் தானாகவே ஒரு சின்ன அழுத்தம் பிறக்கும், வெப்பமின்னிரட்டை என்று உயர்தரத்தில் படித்திருப்பீர்கள், பரீட்சைக்குப் பிறகு மறந்திருப்பீர்கள். செம்பும் பித்தளையும் சேர்ந்தால் ஒரு பாகைக்கு மூன்று மைக்ரோவோல்ற் அளவு. எங்களுடைய முனைகள் பித்தளை. ஏசிக் காற்று ஒரு முனையில் அதிகமாகப் பட, மற்றதில் குறைவாகப் பட, ஒரு பாகை வித்தியாசமே போதும், நூறில் மூன்று போய்விட்டது. சாப்பாடு வந்த ரிஜிபோம் பெட்டியொன்றைக் கவிழ்த்து மூடினேன், வாசிப்பு அப்படியே நின்றது. அந்த நிமிஷத்துச் சந்தோஷத்தை எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.

மேலாளர் கையேட்டில் "பாவிக்கும்போது ஏசியை நிறுத்தவும்" என்று ஒரு வரி போட்டுவிட்டு அனுப்பச் சொன்னார், கப்பலுக்கு நேரமாம். இப்படியான ஆட்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். நான் செய்தது, மின்னோட்டத்தை ஒருமுறை நேராக அனுப்பி வாசித்து, பிறகு திசையைத் திருப்பி அனுப்பி வாசித்து, இரண்டையும் கழித்துப் பாதியாக்குவது. மின்தடையால் வருகிற அழுத்தம் திசையோடு திரும்பும், வெப்பத்தால் வருகிறது திரும்பாது, ஆகவே கழித்தால் அது காணாமல் போகும். பழைய தந்திரம், நான் கண்டுபிடித்ததில்லை. போர்டில் நாலு சின்ன ட்ரான்சிஸ்டர் கூடியது, மிச்சம் முழுக்க மென்பொருள். முன்பு சண்டை பிடித்த அதே தம்பிதான் எழுதித் தந்தார்.

இங்கேதான் உங்களுடைய நாலு வருஷம் வருகிறது. இன்றைய கருவியில் பாதிக்கு மேல் மென்பொருள்தான். ரிலே மாறிய பிறகு எத்தனை மில்லிசெக்கன் பொறுக்க வேண்டும், வீச்சு மாறும்போது பழைய வாசிப்பை எப்போது எறிய வேண்டும், இதெல்லாம் கோடில் எடுக்கிற முடிவுகள், ஆனால் பௌதிகம் தெரிந்து எடுக்க வேண்டிய முடிவுகள். ஒரு சின்ன உதாரணம். எங்களுடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஒரு சுற்று 20 மில்லிசெக்கன், ஆகவே சரியாக 20 மில்லிசெக்கன் சேர்த்துச் சராசரி எடுத்தால் சுவரில் இருந்து வருகிற இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அதே பெட்டியை அமெரிக்காவுக்கு அனுப்பினால் அங்கே 60 ஹேர்ட்ஸ், இந்தக் கணக்குப் பிழைக்கும். 100 மில்லிசெக்கன் எடுத்தால் அதில் இங்கேயுள்ள ஐந்து சுற்றும் முழுசாக அடங்கும், அங்கேயுள்ள ஆறு சுற்றும் முழுசாக அடங்கும், ஆனால் கருவி மெதுவாகிவிடும். வேகமா நம்பிக்கையா என்று யார் தீர்மானிப்பது? அந்த இடத்தில் கோடும் தெரிந்து சேர்க்கிட்டும் தெரிந்த ஒரு ஆள் இருந்தால் பேச்சு ஐந்து நிமிஷத்தில் முடியும், இல்லாவிட்டால் மூன்று கூட்டம். அப்படிப்பட்ட ஆட்கள் கொழும்பில் மிகக் குறைவு. நீங்கள் அந்த ஆளாகலாம்.

வேலையின் அன்றாடம் எப்படியென்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது. புதுசாக சேர்க்கிட் யோசிப்பது என் நேரத்தில் பத்தில் ஒன்று வந்தால் பெரிய விஷயம். மற்றது டேட்டாஷீட்டின் அடிக்குறிப்புகளை வாசிப்பது, கருவியை நியமத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிற கலிபிரேஷன் முறையை ஒருவரி ஒருவரியாக எழுதுவது, ஒரே அளவை நூறு முறை எடுத்து வரைபடம் போடுவது, திரும்பி வந்த கருவிகளைத் திறந்து பார்ப்பது, சப்ளையரோடு இழுபறிப்படுவது. 2021, 22இல் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வந்தபோது, போதாததற்கு இங்கே டொலரும் மின்சாரமும் இல்லாமல் போனபோது, ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த மூன்று போர்டுகளை, கிடைக்கிற சிப்புக்கேற்பத் திரும்ப வடிவமைத்தேன். ஒரு வருஷம் உழைத்து அதே கருவியை அதே கருவியாகவே வைத்திருந்தோம். வீட்டில் யாருக்கும் இதைச் சாதனை என்று விளங்கப்படுத்த முடியாது.

கொழும்பின் ஈரக்காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. நனோஅம்பியர் அளவில் வேலை செய்தால் போர்டில் வடிவாகக் கழுவாமல் விட்ட, ஈயம் பற்றவைக்கப் பூசுகிற ஃப்ளக்ஸின் கறையும் ஒக்டோபர் மழையும் சேர்ந்து உங்களுக்குத் தெரியாமலே ஒரு மின்தடையைச் செய்துவைக்கும். ஒரு கிகாஓம் கசிவு இருந்தால் ஒரு வோல்ற்றுக்கு ஒரு நனோஅம்பியர் ஓடிவிடும், நீங்கள் அளக்க வந்ததே அவ்வளவுதான். உலர்ந்த ஊரில் இருக்கிறவர் ஆறு மாதத்துக்குப் பிறகு கண்டுபிடிப்பதை நாங்கள் முதல் கிழமையிலேயே கண்டுபிடிப்போம். இதை நான் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் எங்கள் ஊரின் சிறப்பு என்றே சொல்லி விற்றிருக்கிறேன்.

எதிர்காலம் இருக்கா என்ற கேள்வி. ஹியூலட்-பக்கார்ட் என்ற பெயரைக் கேட்டால் உங்களுக்குப் பிரிண்டர் ஞாபகம் வரும். அவர்கள் 1939இல் தொடங்கியது ஒரு ஒலி அலையாக்கியோடு, 200ஏ என்று பெயர், விலை 54 டொலர் 40 சதம். அலையின் உயரம் கூடிக்குறையாமல் நிலையாக இருக்க வேண்டும், மற்றவர்கள் அதற்குச் சிக்கலான சேர்க்கிட் போட்டார்கள், பில் ஹியூலட் ஒரு சின்ன மின்குமிழைப் போட்டார். அலை பெரிதானால் குமிழின் இழை சூடாகும், சூடானால் அதன் தடை கூடும், கூடினால் அலை தானாக அடங்கும். அடுத்த மாதிரியை டிஸ்னி எட்டு வாங்கினார்கள். அந்த நிறுவனத்தின் அளவீட்டுப் பகுதி 1999இல் அஜிலன்ட் ஆனது, 2014இல் கீசைட் ஆனது. 1946இல் தொடங்கிய கீத்லி 2010இல் டெக்ட்ரொனிக்ஸோடு சேர்ந்தது. பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஹியூலட்-பக்கார்ட் 1989இல் கொண்டுவந்த 3458ஏ என்ற எட்டரை இலக்க மல்ரிமீற்றரை இன்றைக்கும் கலிபிரேஷன் கூடங்களில் மரியாதையோடு வைத்திருக்கிறார்கள். நீங்கள் நாலு வருஷத்தில் எழுதிய வங்கித் திரைகளில் எத்தனை இன்னும் உயிரோடு இருக்கின்றன?

சரி, அது கொஞ்சம் குத்தலாகிவிட்டது. நேரே சொல்வதென்றால், செய்யப்படுகிற ஒவ்வொரு சிப்பும் யாரோ வடிவமைத்த ஒரு சோதனைக் கருவிக்கூடாகத்தான் வெளியே வருகிறது, மின்சாரக் காரின் பட்டரியில் இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் உள்தடை அளக்கிறார்கள், அதுவும் மில்லிஓம் கணக்கில், நான் மேலே சொன்ன கதையின் அதே தலையிடி. ஒரு பொருள் வேகமாக, சின்னதாக, மலிவாக ஆக, அதை அளக்கிற கருவி அதற்கு முன்னால் ஓட வேண்டும். ஆகவே வேலை தீராது. கொழும்பில் நிறைய வேலை இருக்குமா என்றால், இல்லை. இப்போது நீங்கள் ராஜினாமா கொடுத்தால் அடுத்த கிழமை நாலு இடத்தில் கூப்பிடுவார்கள், இந்தத் துறையில் அப்படி இராது, இந்த ஊரில் மொத்தமே விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான். ஒரு இடத்தில் முதலாளியோடு முரண்பட்டால் அடுத்த இடம் வெளிநாடாகத்தான் இருக்கும்.

வெளிநாடு போக வழி இருக்கிறது, நீங்கள் நினைக்கிற திசையில் மட்டும் பார்க்காதீர்கள். கனடா, லண்டன் என்றுதான் எங்கள் ஆட்களுக்குத் தலை திரும்பும். இந்தத் தொழிலுக்கு மலேசியாவின் பினாங்கு நல்ல ஊர், ஹியூலட்-பக்கார்ட் 1972இலேயே அங்கே வந்துவிட்டது, அதன் வழியில் வந்த கீசைட்டின் பெரிய தளம் இன்றைக்கும் அங்கே இருக்கிறது. சிங்கப்பூர், பெங்களூர், ஜேர்மனியில் மியூனிக், அங்கே 1933இலிருந்து ரோட அன்ட் ஷ்வார்ஸ் இருக்கிறார்கள். இந்த இடங்களில் நேர்முகத்துக்குப் போனால் சான்றிதழை ஒருமுறை பார்ப்பார்கள், பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தந்து "நீ செய்த கருவியின் பிழைக் கணக்கை எழுது" என்பார்கள். எனக்கு அப்படித்தான் கேட்டார்கள். அதை எழுதத் தெரிந்தவருக்கு வயது 27ஆ 37ஆ என்று யாரும் பார்ப்பதில்லை.

அனலொக் மறந்துபோனதற்கு மருந்து அதுதான். மாத முடிவுக்கு இன்னும் மூன்று வாரக்கடைசிகள் இருந்தால் இதைச் செய்யுங்கள். புறக்கோட்டையில் ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள செம்புக் கம்பி அரை மீற்றர் வாங்குங்கள், ஒரு 24 பிட் ஏடிசி மொடியூல், 100 மில்லிஅம்பியர் நிலையான மின்னோட்டம் தருகிற ஒரு சின்ன சேர்க்கிட், வீட்டில் இருக்கிற ஏதாவது மைக்ரோகொன்ட்ரோலர். அந்தக் கம்பியின் தடையை அளந்து பாருங்கள். விடை எனக்கு இப்போதே தெரியும், பத்தரை, பதினொரு மில்லிஓம் வர வேண்டும், ஏனென்றால் அந்தத் தடிப்புக் கம்பிக்கு மீற்றருக்கு ஏறத்தாழ 21 மில்லிஓம். முதல்நாள் உங்களுக்கு 14 வரும், அல்லது 9 வரும், அல்லது நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ஏன் என்று தேடுங்கள். ஓரளவு நின்றதும் கம்பியைக் கையால் பொத்திப் பிடியுங்கள், செம்பின் தடை ஒரு பாகைக்கு 0.39 வீதம் கூடும், உங்கள் உள்ளங்கைச் சூடே வாசிப்பில் தெரிய வேண்டும். அப்புறம் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்: மின்னோட்டத்தில் இவ்வளவு பிழை, ரெபரன்ஸில் இவ்வளவு, முனைகளின் வெப்பத்தில் இவ்வளவு, நீளத்தை அளந்த அடிமட்டத்தில் இவ்வளவு, ஆகவே என் விடை இத்தனைக்குள். அந்த ஒரு தாள்தான் இந்தத் தொழில்.

மூன்றாம் ஞாயிறு இரவு பன்னிரண்டு மணிக்கு, அம்மா லைட்டை நிறுத்தச் சொல்லிக் கத்தக் கத்த, கடைசி ஒரு வீதம் எங்கே போகிறதென்று நீங்கள் இன்னும் தேடிக்கொண்டிருந்தால் இரத்மலானைக்குப் போங்கள். "பத்தரைக்குக் கிட்ட வந்துவிட்டது, போதும்" என்று தோன்றினால் இப்போது இருக்கிற இடத்திலேயே இருங்கள், அது தோல்வி இல்லை, உங்களுக்கு அலுத்தது அந்த வங்கித் திரைகளாக இருக்கலாம், மென்பொருளே அலுத்ததாக இராது. வேறு குழுவுக்கு மாற்றிக் கேட்டாலே சரியாகிவிடும்.

சம்பளம். மூன்றில் ஒரு பங்கு என்பது சின்ன விஷயமில்லை, அதுவும் வீட்டில் கல்யாணம் வைத்துக்கொண்டு. "பிடிச்ச வேலை செய், காசு தானா வரும்" என்று யாராவது சொன்னால் அவருக்குத் தங்கச்சி இல்லை என்று அர்த்தம். எனக்கு நான் விட்டுவந்த சம்பளத்தைத் திரும்பத் தொட நாலு வருஷம் பிடித்தது, என்னோடு படித்து மென்பொருளில் இருந்தவர்களை நான் இன்றுவரை எட்டிப்பிடிக்கவில்லை, கொழும்பில் இருந்துகொண்டு எட்டிப்பிடிக்கவும் மாட்டேன். ஆகவே பேரம் பேசுங்கள். வெளிநாட்டுக்கு விற்கிற நிறுவனத்துக்கு வருமானம் டொலரில், 2022இல் இந்த ஊரில் கொஞ்சமாவது மூச்சு விட்டவர்கள் அவர்கள்தான். குறைப்பைப் பாதியாக்கக் கேளுங்கள், ஆறு மாதத்தில் சம்பள மீளாய்வு என்று எழுத்தில் கேளுங்கள், அதுவும் முடியாது என்றால் கல்யாணம் முடிந்த அடுத்த மாதம் சேருகிறேன் என்று கேளுங்கள். உண்மையாகவே உங்களைப் போன்ற ஆள் தேவை என்றால் பொறுப்பார்கள். கல்யாணத்துக்குக் கடன் எடுத்துவிட்டு இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் முதல் வருஷமே வேலையை வெறுத்துவிடுவீர்கள்.

பதில் சொல்வதற்கு முன் ஒருநாள் லீவு எடுத்து அந்த இடத்துக்குப் போங்கள். கொன்பிரன்ஸ் அறையில் உட்கார்ந்து கதைத்துவிட்டு வரவேண்டாம், வேலை செய்கிற மேசைகளைப் பார்க்கக் கேளுங்கள். அங்கே இருக்கிற மல்ரிமீற்றர்களில் கலிபிரேஷன் ஸ்டிக்கர் இருக்கிறதா, திகதி காலாவதியாகிவிட்டதா, யார் செய்தது, கலிபிரேஷன் கூடங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 நியமத்தின்படி அங்கீகாரம் பெற்ற கூடமா என்று பாருங்கள். இன்னொரு நாட்டுக்காரர் தங்கள் பெட்டியை நம்புவதற்கு, அந்தப் பெட்டியிலிருந்து தேசிய நியமம் வரை, அங்கிருந்து 2019 மே 20இலிருந்து நடைமுறையில் இருக்கிற அளவீட்டு அலகுகளின் புதிய சர்வதேச வரையறை வரை, அறுபடாத ஒரு சங்கிலி இருக்க வேண்டும். அந்த ஸ்டிக்கரே இல்லாத மீற்றரை வைத்துக்கொண்டு அளவுக்கருவி விற்கிறார்கள் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் கேளுங்கள். இதை மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். கடைகளில் விற்கிற மலிவு மல்ரிமீற்றர் சிலவற்றின் முகத்தில் 'கட் 3, 1000 வோல்ற்' என்று, அதாவது கட்டடத்துப் பிரதான மின்சாரத்தையும் தாங்கும் என்று, அச்சடித்திருக்கும், திறந்தால் உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி ஃபியூஸ். அம்பியர் துளையில் வயரைச் செருகியதை மறந்துவிட்டு ஒரு இலெக்ட்ரீஷியன் பிரதான போர்டின் செம்புப் பட்டையில் முனையை வைத்தால் ஆயிரக்கணக்கான அம்பியர் அதற்குள்ளால் பாயும், கண்ணாடி ஃபியூஸ் வெடித்தாலும் மின்வில் (ஆர்க்) நிற்காது, அவர் கையிலேயே கருவி எரியும். உள்ளே மணல் நிரப்பிய பீங்கான் ஃபியூஸ் போட்டால் அந்த வில்லை அது விழுங்கிவிடும், விலைதான் பலமடங்கு. ஐஈசி 61010 என்ற நியமம் இதற்காகத்தான் இருக்கிறது. அந்த ஃபியூஸைப் போடுவதா விடுவதா என்று கூட்டத்தில் வாதாடப்போவது நீங்கள், எதிரே இருப்பவர் கணக்குப் பார்க்கிறவர். அவர் சிரித்துக்கொண்டே "இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே மிஸ்" என்று சொல்வார். எனக்கு இரண்டு முறை சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது முறை நான் அந்த நிறுவனத்தை விட்டு வந்துவிட்டேன்.

மிக முக்கியமாக, பழுதென்று திரும்பி வந்த கருவிகளை எங்கே வைத்திருக்கிறீர்கள், பார்க்கலாமா என்று கேளுங்கள். ஏதாவது அலுமாரியைக் காட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கட்டி, என்ன பிழை, ஏன் வந்தது, அடுத்த பதிப்பில் என்ன மாற்றினோம் என்று எழுதியிருந்தால் சம்பளம் குறைந்தாலும் அங்கே படிக்கலாம், அந்தத் துண்டுகளை எழுதிய ஆள் யாரென்று கேட்டு அவருக்குப் பக்கத்து மேசையைக் கேட்டு வாங்குங்கள். தூசி படிந்து ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தால், அல்லது "எங்களுக்கு அப்படி ஒன்றும் திரும்பி வருவதில்லை" என்று சொன்னால், போகாதீர்கள், இன்னொரு இடம் வரும்வரை பொறுங்கள்.

இரத்மலானைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனால் தப்பில்லை, வாசலில் தேத்தண்ணிக் கடையில் இருக்கட்டும். அலுமாரியில் என்ன இருந்தது, கம்பி எத்தனை மில்லிஓம் காட்டியது, இரண்டையும் எனக்கு எழுதுங்கள்.